சிரித்த இடம்

பீல் நகரத்துச் சின்ன அரங்கில்
கோட்டு வாங்கி மாட்டுவது என் வேலை.
ஒரு கோட்டுக்கு ஒரு தகர வில்லை, இரண்டு பிராங்.
குடைக்குக் காசில்லை.

நவம்பரில் வந்தாள் டெலோரிஸ் பிக்கெட்,
மெம்பிஸ் ஊர்க்காரி.
ஒரு கதிரை, நாலு தொப்பி,
ஒருத்திக்குள் ஒன்பது பேர்.
மூன்று இரவு ஆட்டம்.

முதல் இரவு கதவுக்கு வெளியே நின்று
சனத்தை மட்டும் கேட்டேன்.
இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் இரண்டு மொழி.
மேடைக்கு மேலே இடப்பக்கம் ஜெர்மன்,
வலப்பக்கம் பிரெஞ்சு.
பிரெஞ்சு எழுத்து ஒரு மூச்சு முந்தி ஓடும்.
அதனால் சிரிப்பு வலப்பக்கம் பிறந்து
இடப்பக்கம் வந்து சேரும்.
நடுவில் அவள், தன் பகிடி போய்ச் சேரும்வரை
பஸ்ஸுக்கு நிற்பவள்போல.

பிறகு அந்தத் தகப்பன்.
பதினாறு வயது மகனுக்குக் கார் பழக்குகிறான்.
பிரேக் இல்லை, கியர் இல்லை, முதற்பாடம்:
பொலிஸ் மறித்தால் கை எங்கே இருக்கவேண்டும்.
அப்போது இரண்டு மொழியும் ஒன்றாய் அடங்கின.
ஆரோ இருமலை விழுங்கியது
கதவு தாண்டிக் கேட்டது.

முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள், நாலு நிமிடம்.
கண் சிவந்து வரிசையில் வந்து
வில்லையை நீட்டினார்கள்.
என் சில்லறைத் தட்டில் அன்றைக்கு
ஐந்து பிராங் குற்றிகள், ஒரு இருபது தாள்.
ஒரு முதியவர் என் கையை
இரண்டு கையாலும் பிடித்து
"மன்னிக்கவேண்டும்" என்றார்.
நான் அவருடைய கோட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.
யாருக்குச் சேரவேண்டிய கடனோ
பக்கத்தில் நின்ற மண்ணிறக் கைக்கு வந்தது.
வாங்கினேன், பொய் சொல்வானேன்.
அந்த மாதக் கரண்ட் காசு கட்டினேன்.

இரண்டாம் இரவு கோட்டுகள் குறைவு.
"மலர், உள்ளே போய்ப் பார்" என்றாள் மேற்பார்வை எக்லி.
கடைசி வரிசை, தூணுக்குப் பின்.

டெலோரிஸ் தொலைபேசியை எடுத்தாள்.
வாடகைக்கு வீடு கேட்கிறாள் ஒருத்தி.
அதுவரை அடித்தொண்டையில் கிடந்த குரல்
சட்டென்று மூக்கு நுனிக்கு ஏறியது.
கஞ்சி போட்டுத் தேய்த்த குரல்,
மடிப்புக் கலையாத குரல்.
"வீடு இன்னும் இருக்கிறதா? மிக்க மகிழ்ச்சி."
அவள் வாசலுக்குப் போனால்
வீடு இல்லை.

வாயைப் பொத்துமுன் சிரிப்பு வெடித்துவிட்டது.
தொலைபேசியில் நானும் மலர் இல்லை,
ஃபிராவ் மாலர்.
இவர்கள் மொழியில்
சுவருக்கு வர்ணம் அடிப்பவர் என்று பொருள்.
மாலருக்கு மூன்று அறை உண்டு,
பால்கனி உண்டு, ஏரி தெரியும்.
மலர் படியேறி மணி அடித்தால்
"அச்சச்சோ, நேற்றே கொடுத்துவிட்டோமே."

எழுபது தலை திரும்பியது.
பச்சைச் சால்வைக்காரி ஒருத்தி
பிள்ளையை அதட்டும் மெல்லிய குரலில்
"இது சிரிக்கிற விஷயம் இல்லை" என்றாள்.
மேடையில் டெலோரிஸ்
புருவத்துக்கு மேல் கையை வைத்து
விளக்குக்கு அப்பால் இருட்டைத் துழாவினாள்.
பிறகு தொப்பியை மாற்றினாள்.

தகப்பன் வந்தபோது நான் சிரிக்கவில்லை, அழவுமில்லை.
கை தூக்கி நின்ற வீதி ஒன்று எனக்கும் உண்டு.
ஆனால் அது வேறு வீதி, வேறு துவக்கு.
அவள் மகனை என் கணக்கில் எழுத
மனம் வரவில்லை.

பின்னால் நடந்த கலந்துரையாடலில் ஒருவர் எழுந்து
"நல்ல காலம், இங்கே இப்படி இல்லை" என்றார்.
பலர் தலையாட்டினார்கள்.
டெலோரிஸ் தண்ணீர் குடித்தாள்.
நிறையக் குடித்தாள்.

மூன்றாம் இரவு மழை.
எழுபத்தொரு கோட்டு, அத்தனையிலும் ஈர நாய் வாசம்.
ஹீட்டர் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தேன்,
கதவு சாத்தியிருந்தது.
குரல் மூக்கு நுனிக்கு ஏறியது.
வாசலில் வீடு இல்லாமற் போனது.
அடுத்த வசனத்துக்கு முன்
அவள் நிறுத்தினாள்.
முதல் இரவு அந்த இடத்தில் இடைவெளி இல்லை,
எனக்குத் தெரியும்.
ஒரு ஆள் சிரித்து முடிக்கிற அளவு
நிறுத்தினாள்.

உள்ளே ஒருவரும் அசையவில்லை.
என் இரண்டு கையிலும் ஈரக் கோட்டு.
வாயைப் பொத்த வழியில்லை.